ஏரல் ஆற்றில் பிடித்த விளைமீன்

போன வாரம் மீன் வாங்கப் போனேன். போனேன் என்றால் எங்கே போனேன், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தூத்துக்குடியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியைத் தடவி மீன் வாங்குகிற காலத்துக்கு வந்துவிட்டோம். சென்னையில் இருக்கும் மகள் போன விடுமுறைக்கு வந்தபோது அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்தவுடன் அது இரண்டு கட்டங்களைக் காட்டியது. ஒன்றில் கடல் மீன், இன்னொன்றில் ஆற்று மீன். எது வேண்டுமோ தொடு என்கிறது. நான் விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது என் மனைவி எஸ்தர் பின்னால் வந்து நின்றாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கட்டங்களையும் படித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இப்பமாச்சும் சரியா பாத்து அமுக்குங்க," என்றாள்.

முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்னமும் விடமாட்டேன் என்கிறாள். ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த இரண்டு கட்டங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் ஒரு சனிக்கிழமை நான் அவளைக் கோட்டை விடப் பார்த்தேன். உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம், சொல்கிறேன் கேளுங்கள்.

கடற்கரைக்காரன் என்றால் மீன் பிடிப்பான் என்று உலகம் நினைக்கிறது. என் அப்பா தோணியில் தண்டல். தோணியை நடத்திக்கொண்டு போகிற தலைவருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வெங்காயமும் கூரை ஓடும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வருவார். கடலிலேயே கிடந்தார், மீனைச் சாப்பிட்டார், ஆனால் பிடித்ததில்லை. எனக்கு அந்தக் கடலும் ஒத்துவரவில்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் அப்பா என்னைத் தோணியில் ஏற்றிப் பார்த்தார். துறைமுக வாசலைத் தாண்டுவதற்குள் காலையில் தின்ற இட்டிலி அத்தனையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா இடுப்பில் செருகியிருந்த லேஞ்சியை எடுத்து என் வாயைத் துடைத்துவிட்டார். கைக்குட்டையை நாங்கள் லேஞ்சி என்றுதான் சொல்வோம். மறுநாள் என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்படியாக, கப்பல் வருவதையும் போவதையும் காகிதத்தில் மட்டும் பார்க்கிற கிளார்க் வேலை ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தது.

அந்த அலுவலகம் முழுக்கக் கார்பன் தாள் வாசனை. இன்றைக்கு யாரிடமாவது கார்பன் தாள் என்று சொன்னால் முழிக்கிறார்கள். எனக்கோ எங்கேயாவது பழைய ஸ்டேஷனரி கடையில் அந்த வாசனை அடித்தால் போதும், நெஞ்சு படபடக்கும். ஏனென்றால் அங்கே டைப்பிஸ்டாக இருந்தவள் எஸ்தர். சாயர்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அடித்த காகிதங்களில் பிழை பார்ப்பது என் வேலை. பிழையே இருக்காது. பேசுவதற்குச் சாக்கில்லாமல் நான் தவித்து, ஒருநாள் மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அவளுடைய மெஷினில் நானே ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து வைத்துவிட்டு, பிழை இருக்கிறது என்று கொண்டுபோனேன். அவள் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இது ஒற்றை விரலால் அடித்த எழுத்து, நான் பத்து விரலால் அடிப்பவள் என்றாள். நான் அசடு வழிந்தேன். எங்கள் காதல் தொடங்கியது அப்படித்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் இருவரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அவ்வளவுதான். உள்ளூரில் அப்படியில்லை. நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். எஸ்தர் வீட்டார் மிஷன் ஊர்ப் புராட்டஸ்டண்டுகள். எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரியும், அவர்கள் வீட்டில் சுவரில் ஒரு வசனக் காலண்டர் மட்டும் தொங்கும். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மீனும் கறியும் வாங்கக் கடைத்தெரு, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உப்புக்கூட வாங்கக் கூடாத ஓய்வுநாள். நாங்கள் சாப்பாட்டுக்கு முன் ஒரே மூச்சில் ஜெபம் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு சோற்றில் கை வைத்துவிடுவோம். அவர்கள் ஜெபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வருகிறேன்.

எஸ்தரின் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்க டிரில் சார்தான். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. மனிதர்களிடம் பேசமாட்டார். முப்பத்தைந்து வருஷம் மைதானத்தில் கத்தியதில் தொண்டை போய்விட்டது என்பார்கள். எதையும் கையாலேயே காட்டுவார். உட்கார், எழுந்திரு, வலப்பக்கம் திரும்பு, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை இருந்தது. எஸ்தர் என்னைப் பற்றி அவரிடம் சொன்னபோது ஒரு வாரம் எந்தச் சைகையும் வரவில்லை. அதற்குள் நாசரேத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளையின் ஜாதகம், மன்னிக்கவும், ஞானஸ்நானச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. எஸ்தர் அழுத பிறகு அவர் வாயைத் திறந்தாராம்.

"தண்டல் மவன்னு தான சொன்ன? சனிக்கெழம தூண்டிலுக்கு வரச் சொல்லு."

உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும்தானே என்று எஸ்தர் என்னைக் கேட்டாள். அது எங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்றேன். அந்த ரத்தம் அன்று காலை வரை ஒரு தூண்டில் முள்ளைக்கூடப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் அலுவலகம். உடம்பு சரியில்லை என்று லீவு லெட்டர் கொடுத்தேன். அதை அடித்துக் கொடுத்தவளே எஸ்தர்தான், பிழையில்லாமல். முதல் பஸ் பிடித்துச் சாயர்புரம் போய் இறங்கினால் டிரில் சார் சைக்கிளோடு நிற்கிறார். கையால் சீட்டைக் காட்டினார். நான் ஏறி மிதிக்க, அவர் பின்னால் இரண்டு மூங்கில் தூண்டிலையும் வேல் மாதிரி நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். ஏரல் வரைக்கும் அப்படியே. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் என் இடது தோளில் ஒரு தட்டு, வலப்பக்கத்துக்கு வலது தோளில். ஏரல் பாலத்துக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் தாமிரபரணி ஒரு வளைவு வளையும். மழை விட்டு ஆறு தெளிந்திருந்த நேரம். நாணல் புதருக்கு அந்தப் பக்கம் ஆழமான ஒரு பள்ளம், கிடங்கு என்பார்கள். அதுதான் அவருடைய இடம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கடற்கரை மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அப்பா வாயிலிருந்து கேட்ட வார்த்தைகளையெல்லாம் எடுத்து விட்டேன். வானத்தைப் பார்த்து, வாடைக் காற்று விழுந்துவிட்டது, மீன் அடியில் போயிருக்கும் என்றேன். பிறகு தண்ணீரைப் பார்த்து, இப்போது ஏற்றமா வற்றமா சார் என்று கேட்டேன். கடலில்தான் தண்ணீர் ஏறும், வற்றும். ஏரலில் அது பாட்டுக்கு ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. டிரில் சார் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆறு போகிற திசையைக் கையால் காட்டினார். அதற்கப்புறம் உதட்டில் விரலை வைத்தார். நான் மண்புழுவைக் கோத்து வீசினேன். முள் பின்னால் இருந்த மருத மரத்தில் மாட்டிக்கொண்டது.

மதியம் எஸ்தர் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் சாப்பாடு. அந்த வீட்டில் ஒரு பெரிய தேக்கு மேசை. டிரில் சார், அவர் மனைவி, எஸ்தர், நான் நான்கு பேர்தான். டிரில் சார் பிடித்த கெண்டை, குழம்பாகி ஆவி பறக்க வந்தது. தட்டில் சோறு விழுந்தது. நான் பழக்க தோஷத்தில் ஒரே மூச்சில் முடித்துச் சிலுவை போட்டுக் கையை நீட்டினேன். எஸ்தர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். டிரில் சார் கண்ணை மூடினார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதரின் ரகசியம் புரிந்தது. மனிதர்களிடம் பேசாத அத்தனையையும் அவர் சேர்த்து வைத்து ஆண்டவரிடம் பேசினார், நாலு பேர் முன்னால், சத்தமாக. அந்தத் தொண்டை ஒன்றும் போகவில்லை. மழைக்கு ஸ்தோத்திரம் சொன்னார், சைக்கிள் டயருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் வேலியை ஓரடி தள்ளிப் போட்டதை ஆண்டவரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். குழம்பில் உப்பு கூடிக்கொண்டே போவதை மனைவியின் பெயரைச் சொல்லியே முறையிட்டார். எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருக்கையில் யார் எதிர்த்துப் பேசுவது? வீட்டில் சண்டையே கிடையாது, ஜெபம்தான். கடைசியில் என் முறை வந்தது.

"எங்க மத்தியில வந்திருக்க இந்தத் தம்பிய ஆசீர்வதியும் பிதாவே. மரத்துல மீன் இருக்குமான்னு தேடுன அவனோட விசுவாசம் பெருசு. ஆத்துக்கு ஏத்த வத்தம் உண்டான்னு கேக்கான். அவனுக்கு வெளிச்சம் தாரும்."

கண்ணைத் திறந்தபோது குழம்பு ஆறி அதன் மேல் எண்ணெய் படிந்திருந்தது. அந்த வீட்டில் குழம்பு ஆறித்தான் சாப்பிட வேண்டும் போல என்று முதல் நாள் நினைத்தேன். போல எல்லாம் இல்லை, அதுதான் நடைமுறை.

இப்படி ஏழு சனிக்கிழமை. ஏழு லீவு லெட்டர். உனக்கென்ன சனிக்கிழமை சனிக்கிழமை மட்டும் காய்ச்சல் அடிக்கிறது என்று மேனேஜர் கேட்கத் தொடங்கினார். டிரில் சார் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கெண்டை, கெளுத்தி, விரால் என்று இழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு ஒரு செதில்கூட இல்லை. மீன்கள் என் புழுவை நாசூக்காகத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் திருப்பி அனுப்பின. நான்காவது வாரம் அவர் ஒன்றைத் தூக்கிப் போட்டபோது, என்ன பெரிய விரால் சார் என்று பாராட்டினேன். அது குறவை. விராலும் குறவையும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பிதான், ஆனால் ஆற்றங்கரைப் பிள்ளைகள் தொட்டில் வயதிலேயே பிரித்துச் சொல்லிவிடுமாம். அன்றைய ஜெபத்தில் என் கண் பார்வைக்காகத் தனியாக ஒரு விண்ணப்பம் ஏறியது. எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் கண்ணை மூடவில்லை.

ஆனால் ஏழு ஜெபத்திலும் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை எஸ்தர் டைப்ரைட்டர் முன்னால் அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"செவ்வாக்கெழம நாசரேத்துல இருந்து பொண்ணு பாக்க வாராவ," என்றாள். "அப்பா ஒண்ணுஞ் சொல்ல மாட்டுக்காவ. நாளைக்காவது ஒரு மீன் பிடிச்சிருங்களேன்."

ஒரு மீன். ஒரே ஒரு மீன் இல்லாததால் என் கல்யாணம் நிற்கப் போகிறது என்று எப்படியோ எனக்குத் தோன்றிவிட்டது. அன்று ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் விடியாததுமாக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். எங்கள் அம்மா வழக்கமாக வாங்குகிற அக்கா ஒருத்தி அங்கே இருந்தாள். அவளிடம் ஆற்று மீன் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏலே, தண்டல் வீட்டுப் பிள்ளையா இருந்துக்கிட்டு ஆத்து மீனா கேக்க? ஒங்கம்மைக்குத் தெரியுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் ஆற்று மீன் என்றால் மூக்கைப் பொத்துவார்கள், சேறு நாறும் என்பார்கள். அது எந்தக் குசினிக்குள்ளும் நுழைந்ததில்லை. நான் திருதிருவென விழித்தேன். அவளுடைய பலகையில் ஒரு விளைமீன் கிடந்தது. வெள்ளிச் செதில், நல்ல பருமன். கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கெண்டைதான். அப்போது என் கடற்கரை மூளை ஒரு கணக்குப் போட்டது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வருகிறது என்றால் கடல் மீன் ஆற்றுக்குப் போகாதா? ஏரலுக்கு வருவதற்கு முன் நான் பார்த்த ஆறு அந்த முகத்துவாரம் மட்டும்தான். அங்கே எல்லா மீனும்தான் துள்ளும். இதையே கொடுங்கள் அக்கா என்றேன். காசை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினேன். அதற்குள் அவள் மீனை ஐஸ் தூளில் புரட்டித் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

அதை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து போனார். சைக்கிளில் போகும்போது பை ஹேண்டில் பாரில் தொங்கியது. அதிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டுச் சொட்டாக ஏரல் வரைக்கும் கோடு போட்டது. பின்னால் இருந்தவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்பது இப்போது புரிகிறது. அப்போது நான், அவர் என் தோளில் தட்டுவதற்காக மட்டும் காத்திருந்தேன்.

வளைவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். நான் சைகையாலேயே அனுமதி கேட்டு, தூண்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு நாணல் புதருக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே ஓர் எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது. அதைத் தவிர யாருமில்லை. தாளைப் பிரித்தேன். பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அக்கா மீனைச் சுத்தம் பண்ணியிருந்தாள். நான் காசு தேடின நேரத்தில், எங்கள் அம்மாவுக்கு எப்போதும் செய்கிற பழக்கத்தில், வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, செவுளையும் பிடுங்கி, அருமையாக ஒரு கழுவு கழுவிக் கொடுத்திருந்தாள். வாய்க்குள் இன்னும் ஒரு ஐஸ் கட்டி இருந்தது.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் மீனை எருமைக்குக் காட்டிவிட்டு ஆற்றில் விட்டிருப்பான். எனக்கு அந்த நேரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. முள்ளை மீன் வாயில் மாட்டினேன். தண்ணீரில் போட்டுச் சளசளவென்று நாலு தடவை அடித்தேன். சார், மாட்டிவிட்டது என்று கத்திக்கொண்டே புதரைச் சுற்றி ஓடி வந்தேன், கீறின வயிறு என் சட்டையோடு ஒட்டி இருக்கும்படி பிடித்துக்கொண்டு. எருமை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. டிரில் சார் தலையைத் திருப்பினார். மீனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல மீனுதான். கூடையில போடு," என்றார்.

எட்டு சனிக்கிழமையில் ஆற்றங்கரையில் அவர் என்னோடு பேசின முதல் வார்த்தை அது. எனக்குக் காலே தரையில் பாவவில்லை. திரும்பும்போது சைக்கிள் தானாக ஓடியது. பின்னால் அவர் ஏதோ ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வீட்டில் எஸ்தரின் அம்மா கூடைக்குள் கையை விட்டார். மீனைத் தூக்கினார். அந்த அம்மாளுக்குத் தூத்துக்குடியிலிருந்து வண்டியில் வருகிற மீன்காரரிடம் வாரம் இரண்டு நாள் பழக்கம். விளைமீனைத் தெரியாதவரா? மீனை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். டிரில் சார் கையைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எஸ்தர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். மேசையில் குழம்பைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஒரு துண்டைக் கரண்டியால் புரட்டிப் பார்த்தாள். முகம் வாடியது. அதற்குள் டிரில் சார் கண்ணை மூடிவிட்டார்.

"அன்பும் எரக்கமும் உள்ள எங்க பரலோகப் பிதாவே," என்று ஆரம்பித்தார். "இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். தூத்துக்குடிக் கடல்ல கெடந்த இந்த விளமீன, மணல் திட்டெல்லாம் தாண்டி ஏரல் வரைக்கும் நடத்திக் கொண்டாந்த ஒம்ம கிருபைக்கு ஸ்தோத்திரம்."

நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"முன்காலத்துல ஒம்ம சீஷனுக்கு மீன் வாயில வெள்ளிக்காசு வச்சுக் குடுத்தீரே பிதாவே. இன்னைக்கு இந்தத் தம்பிக்கு மீன் வாயில ஐஸ் கட்டி வச்சுக் குடுத்தீர். கொடலும் செவுளும் இல்லாத மீனுக்கும் பசியக் குடுத்து, புழு திங்க வரவச்சீர். ஒம்ம அதிசயங்கள யாரு எண்ணி முடிக்க?"

எஸ்தரின் அம்மாவிடமிருந்து ஒரு கேவல் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கியிருக்கிறார். எனக்கு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் செவ்வாய்க்கிழமை நாசரேத்துக்காரர்களுக்கு வழி விட்டதாக ஆகும். நான் கண்ணைத் திறந்தேன்.

"ஆமா சார்," என்றேன். "மார்க்கெட்ல வாங்குனேன். எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது. எங்கப்பாவும் பிடிச்சதில்ல."

அந்த வீட்டில் ஜெபத்தின் நடுவே குறுக்கிட்ட முதல் ஆள் நான்தான். டிரில் சார் கண்ணைத் திறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குரல் மட்டும் கொஞ்சம் தணிந்திருந்தது.

"இவன் ஏழு சனிக்கெழம ஒரு மீனும் இல்லாம என் பக்கத்துல உக்காந்திருந்தான் பிதாவே. எந்திச்சுப் போகல. இன்னைக்குத்தான் பொய் சொன்னான். ஏன் சொன்னான்னு ஒமக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கண்ண மூடாம உக்காந்திருக்க எம் மவளுக்கும் தெரியும். பொய்ய இவ்வளவு மோசமா சொல்லுத ஒருத்தன என் ஆயுசுல நான் பாத்ததில்ல. அதுக்காக ஒமக்குக் கோடி ஸ்தோத்திரம். இவன்கிட்ட எம் பிள்ளைக்கு ஒண்ணும் மறைஞ்சிருக்காது. நாசரேத்துப் பையனுக்கு வேற ஒரு நல்ல எடத்தக் காட்டும் பிதாவே. ஆமென்."

எஸ்தரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. என் கை தன்னால் நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இரண்டு தோளையும் தொட்டுவிட்டது. அந்த மேசையில் அப்படிச் சிலுவை போடுகிற வழக்கம் கிடையாது. எஸ்தர் என் காலைத் தேடினாள். அதற்குள் டிரில் சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"அதுவும் இருக்கட்டும்," என்றார். "சாப்பிடுங்க மாப்ள."

அந்த ஆறிப்போன விளைமீன் குழம்பின் ருசியை என்னால் சொல்லி விளக்க முடியாது. ஒரு துண்டு கூடுதலாகவே சாப்பிட்டேன். கல்யாணம் எந்தக் கோயிலில் என்று அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடந்த யுத்தம் தனிக் கதை, அதை விடுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் பல வருஷம் அவரோடு ஏரலுக்குப் போனேன். ஒருநாளும் ஒரு மீனும் மாட்டவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் செய்தி ஆண்டவருக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது. எஸ்தருக்கு என் மேல் என்ன வருத்தம் என்பதை நான் மாமனாரின் ஜெபத்திலிருந்துதான் தெரிந்துகொள்வேன். எனக்கு அவள் மேல் என்ன வருத்தம் என்பதையும் அங்கேயே சொல்லி அனுப்பினேன். மகள் பிறந்தபோது முழு முக்கால் மணி நேரம். அன்றைக்குப் பிரியாணி பச்சைத் தண்ணீராகிவிட்டது. இந்த வயதில் நினைத்துப் பார்த்தால், நாங்கள் இருவரும் பெரிதாகச் சண்டை போடாமல் இத்தனை வருஷம் ஓட்டியது அந்த ஜெபத்தால்தான் என்று தோன்றுகிறது.

மாமா போய் ஒன்பது வருஷமாகிறது. அத்தை அதற்கு முன்பே போய்விட்டார். சாயர்புரம் வீட்டை விற்றபோது அந்தத் தேக்கு மேசையை மட்டும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தோம். போன வருஷம் ஒரு வேலையாக ஏரல் பக்கம் போனவன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். வளைவை அடையாளம் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. மணலை அள்ளி அள்ளிக் கரை குழிந்து கிடக்கிறது, கிடங்கு முழுக்க அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடியிருக்கிறது. முள்ளை வீசினால் தண்ணீரில் விழாது. மருத மரமும் இல்லை. எருமைகூட இல்லை.

கைப்பேசிக்கு வருகிறேன். எஸ்தர் பின்னால் நிற்க, கடல் மீனையே அமுக்கினேன். அரை மணியில் ஒரு பையன் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் விளைமீன். வயிற்றைக் கீறி, குடலும் செவுளும் எடுத்து, ஐஸ் போட்டு வந்திருந்தது. இப்போது ஊரில் எல்லா மீனும் இப்படித்தான் வருகிறது. எந்த மாமனாரும் கண்டுபிடிக்க முடியாது.

எஸ்தர் குழம்பு வைத்தாள். அந்தத் தேக்கு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ஜெபம் பண்ணுங்கள் என்றாள். எனக்குத் தெரிந்ததை, எங்கள் வழக்கப்படி ஒரே மூச்சில் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் அள்ளி வைத்தேன். நாக்கு பொத்துவிட்டது. எஸ்தர் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"கொஞ்சம் ஆறட்டும்," என்றாள்.

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, ஆவி பறக்கிற குழம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவர் இருந்த வரைக்கும் அந்த மேசையில் யாரும் நாக்கைச் சுட்டுக்கொண்டதில்லை.